மாட்டு மருந்து குடித்த கிளட்ச்

12.8.2007, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மேகமலை இருக்கிற திசையே தெரியவில்லை. காற்று வேறு. கொடியில் காயப்போட்ட என் பேன்ட் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் கிடந்தது.

இன்று செய்ய வேண்டியது:
– தடுப்பூசி ரிப்போர்ட். இரண்டு மாதமாக எழுதவில்லை.
– வண்டி கழுவ.
– அக்காவுக்கு போன். இனியும் தள்ளிப்போட முடியாது.

ரிப்போர்ட் எழுதவில்லை. வண்டி (பழைய ஜப்பான் பைக்) கழுவினேன். டேங்கின் இடது பக்கம் பெயின்ட் உரிந்து வருகிறது. ஏன் என்று மேலே பார்த்தால் கிளட்ச் லீவர் அடியில் ஈரம். துடைத்தேன். கால் மணி கழித்து மறுபடி ஈரம். மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில் வாடை.

போன் போட்டேன். அக்காவுக்கு என் குரல் கேட்டதுமே கோபம் வந்துவிடும். வருசநாட்டில் வாக்கப்பட்டவள். ஒன்பது வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை தர்ஷினி. மூன்று வயது. 26-ஆம் தேதி அவர்கள் குலசாமி கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

அக்கா சொன்னது அப்படியே: "ஏலே, அந்தச் சனியன்ல ஏறி வந்தேன்னு வையி, பிள்ளைய ரவி மடியில உக்கார வச்சுருவேன். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். போன தடவ கண்டமனூர் விலக்குல நின்ன லட்சணம் ஊருக்கே தெரியும்."

ரவி எங்கள் சித்தப்பா மகன். ஜீப் வைத்திருக்கிறான். எந்த விசேஷத்துக்கும் பந்தல்காரனுக்கு முன்னால் வந்துவிடுவான். அவனும் ஒரு வகையில் மாமன்தான். அதுதான் பயமாக இருக்கிறது.

"அன்னைக்கு வண்டி மேல தப்பு இல்லக்கா, பெட்ரோல் தீந்துபோச்சு."

"என்ன எழவோ. எல எடுத்த பெறகு வந்தியா இல்லையா?"

வந்தேன்தான்.

அப்புறம்: ஞாயிறு என்பதால் ஸ்பேர்ஸ் கடை எல்லாம் அடைப்பு. லீவருக்கு மேலே உள்ள சின்ன டப்பாவில் எண்ணெய் பாதிக்கும் கீழே. நான் டாக்டராக இருக்கிற மாட்டாஸ்பத்திரியில் லிக்விட் பாரஃபின் இருக்கிறது. சுத்தமானது, தெளிவானது, பிசுக்கு இல்லாதது. எண்ணெய்க்கு எண்ணெய். டப்பா நிறைய ஊற்றி மூடினேன். சொந்த மூளை.

14.8, செவ்வாய்

ஓடைப்பட்டி வரை போய் நாற்பது மாட்டுக்கு ஊசி. லீவர் பூப்போல இருக்கிறது. செல்வியிடம் சொன்னேன். "மாட்டுக்கு வயித்தால போக ஊத்துறததான வண்டிக்கு ஊத்துனீக?" என்றாள். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது.

18.8, சனி

போச்சு.

சின்னமனூர் தாண்டி நேர் ரோடு. நாலாவது கியர். முறுக்கினேன். என்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. முள் அறுபதிலேயே நிற்கிறது, சத்தம் மட்டும் நூறில். ஒரு டிராக்டர் என்னை முந்தியது. டிராக்டர். டிரெய்லரில் உட்கார்ந்திருந்த பெண்கள் கையசைத்தார்கள்.

நேராக பாண்டி ஒர்க்‌ஷாப். பாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருபது வருசமாக மெக்கானிக். லீவரை இரண்டு முறை அமுக்கினான். குனிந்து கிளட்ச் மூடியை மோந்தான்.

"பிளேட்டு போச்சு சார்."

"அமுக்கிப் பாத்தே எப்படிச் சொல்ற?"

"லீவர்ல பிளே இல்ல பாருங்க, ஆட்டமே காணோம். கேபிள லூஸ் பண்ணாக் கொஞ்ச நாள் ஓடும். எங்க சார் கேபிளு?"

"கேபிள் இல்ல பாண்டி. ஆயில்."

"கிளட்ச்சுக்கு ஏது சார் ஆயிலு?"

விளக்கினேன். எல்லா வண்டியிலும் லீவர் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி கிளட்ச்சை இழுக்கும். இந்த ஜப்பான் வண்டியில் லீவர் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் குழாய் வழியாகக் கீழே போய் கிளட்ச்சைத் தள்ளும். மேலே இருக்கிற டப்பாவும் உருளையும் சேர்ந்தது மாஸ்டர் சிலிண்டர் (இனி இங்கே மா.சி.). கம்பி என்றால் பிளேட் தேயத் தேய லீவரில் வித்தியாசம் தெரியும். எண்ணெய் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், அதனால் லீவரைப் பார்த்துத் தேய்மானம் சொல்ல முடியாது. இவ்வளவும் மேகமலை எஸ்டேட் மானேஜர் இந்த வண்டியை என் தலையில் கட்டிவிட்டுக் கொச்சிக்குப் போனபோது சொல்லிக்கொடுத்தது.

பாண்டி பொறுமையாகக் கேட்டான். டீ சொன்னான். பிறகு: "எல்லாஞ் சரி சார். பிளேட்டு போச்சு."

இந்த வண்டிக்குப் பிளேட் கொச்சியிலிருந்து வர வேண்டும். ஒரு மாதம் ஆகும். விசேஷத்துக்கு இன்னும் எட்டு நாள்.

20.8, திங்கள்

மழை இல்லை, காற்று மட்டும். அக்கா போன். "எதுல வர்ற?" "பாப்போம்க்கா." "என்னத்தப் பாக்க? பஸ்ஸு இருக்குல்ல?" வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் அந்த வண்டியைப் பற்றி அக்கா வீட்டுக்காரர்கள் பேசிய பேச்சு காதிலேயே நிற்கிறது. "மாப்பிள்ள வண்டி வச்சுருக்காகளா, இல்ல வண்டிய வச்சுத் தள்ளுறாகளா?" என்று அக்கா புருஷன், அதாவது மாமாவின் அண்ணன் கேட்டார். பந்தியில் முப்பது பேர் சிரித்தார்கள். அவர் கண் முன்னால் சரியாக ஒன்பது அடிக்கும்போது கோயில் வாசலில் போய் இறங்க வேண்டும். இறங்கியே தீருவேன்.

பதினோரு மணிக்கு ஒரு விவசாயி பசுவை ஓட்டிக்கொண்டு ஓடி வந்தார். வயிறு மத்தளம் மாதிரி. பச்சைச் சோளத்தட்டையை மேய்ந்திருக்கிறது. "டாக்டரையா, சீக்கிரம் ஏதாச்சும் ஊத்துங்க!" பாரஃபின் பாட்டிலை எடுத்தால் அடியில் இரண்டு விரல் அளவுதான். மீதி எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும். நல்லவேளை அவர் பையில் கடலை எண்ணெய் வைத்திருந்தார். அதை ஊற்றி, வயிற்றைத் தடவி, நடக்க வைத்தோம். அரை மணியில் ஊரே கேட்கிற மாதிரி ஏப்பம் விட்டது. மாட்டுக்காரர் என்னைக் கும்பிட்டார். வெட்கமாக இருந்தது. புதுப் பாட்டிலுக்கு எழுதிப் போட்டேன், காரணம் எழுதவில்லை.

மாடு போன பிறகுதான் உறைத்தது. உள்ளே காற்று சேர்கிறது, வெளியே போக வழி இல்லை, அதனால்தான் உப்பல். கடலை எண்ணெய்க்குக் கேட்காவிட்டால் விலாவுக்குப் பின்னால் குழாய் குத்திக் காற்றை வெளியே விட்டிருக்க வேண்டும். வண்டிக்கும் இதேதானோ? லீவரை விட்ட பிறகும் எண்ணெய் அழுத்தம் உள்ளேயே நின்றால், கிளட்ச் பாதி அமுங்கியபடியே இருக்கும். பாதி அமுங்கிய கிளட்ச் நழுவத்தானே செய்யும்?

ஆஸ்பத்திரியைப் பூட்டினேன். தெருவில் இரண்டு ரவுண்டு ஓட்டி நழுவவிட்டேன். நிறுத்தி, கீழே கிளட்ச் பக்கம் எண்ணெய் வடிக்கிற சின்ன நிப்பிளை ஸ்பேனர் போட்டு அரைச் சுற்றுத் திருப்பினேன். சர்ர்ர் என்று சட்டை மேல் பீச்சியது. மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். நழுவல் இல்லை! பிடித்து இழுக்கிறது!

வண்டிக்கு வயிறு உப்பல். பிளேட் போகவில்லை. பாண்டிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

21.8, செவ்வாய்

லீவு போட்டேன். காரணம்: வயிற்றுக் கோளாறு. யாருக்கு என்று எழுதவில்லை.

மா.சி. கழற்றினேன். லீவர் போல்ட், தூசி ரப்பர், உள்ளே ஒரு வளையக் கிளிப். கிளிப்பை எடுத்ததும் ஸ்பிரிங்கோடு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று மானேஜர் சொல்லியிருந்தார். வரவில்லை. தள்ளினேன், தட்டினேன், திட்டினேன். கடைசியில் டயர் பம்ப்பைக் குழாய் ஓட்டையில் வைத்து ஒரு அடி அடித்ததும் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பிச் செல்வியின் தோசை மாவுச் சட்டியில் விழுந்தது.

செல்வி சட்டியோடு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மாவைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். பிஸ்டனில் இரண்டு ரப்பர் வளையம். வெளிப்பக்கத்து வளையம் கிழிந்திருக்கிறது, கசிவு அங்கிருந்துதான். உள்பக்கத்து வளையம் ஊறிப்போன கொண்டைக்கடலை. வீக்கம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான், எனக்குத் தெரியாதா. வீங்கிய ரப்பர் முன்னால் போய், எண்ணெய் டப்பாவுக்குத் திரும்புகிற பொடி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. பிரேக் ஆயில் ரப்பருக்குப் பாரஃபின் ஆகாது. ஆகாததை ஊற்றியது யார்? சொந்த மூளை.

பாண்டி சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டான். முழுக் கதையும் சொன்னேன், பாரஃபின் உட்பட. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறான்.

22.8, புதன்

தேனி. மூன்று ஸ்பேர்ஸ் கடை. முதல் கடை: "அப்படி வண்டியே கிடையாது." இரண்டாவது கடை: "சாப்பிட்டு வாங்க." மூன்றாவது கடைக்காரர் நல்ல மனுசன். பழைய ரப்பரைக் கேட்டார். வீங்கியதைப் பார்த்து, "இத வச்சு அளவு எடுத்தா லாரிக்குத்தான் குடுக்கணும்" என்றார். பிஸ்டனை அளந்தார். எட்டில் ஐந்து அங்குலம். பழைய ஜீப்பின் கிளட்ச் கிட் அதே அளவாம். வாங்கினேன்.

ரவியின் ஜீப்பும் அதே ஜாதிதான். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

23.8, வியாழன்

காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். உருளையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கீறல் இல்லை, கண்ணாடி. புது ரப்பருக்குப் பிரேக் ஆயில் தடவி, விளிம்பு மடங்காமல் மெல்ல உள்ளே. கிளிப் மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தது. எருமைக்குப் பிரசவம் பார்ப்பது இதைவிடச் சுலபம்.

குழாயில் இருந்த பழைய எண்ணெய் முழுவதும் வடித்தாயிற்று. நல்லவேளை, பாரஃபின் கீழ்ச் சிலிண்டர் வரை போய்ச் சேரவில்லை. இனிக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். மேலிருந்து லீவரை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், செல்வியும் அமுக்கினாள். ஒரு மணி நேரம். லீவர் பஞ்சு.

செல்விதான்: "மாட்டுக்குப் போடுவீகளே, அந்தப் பெரிய ஊசி இல்லையா? கீழ இருந்து ஏத்துங்க. குமிழி தானா மேல வரும்ல?"

கும்பிட்டேன். புது சிரிஞ்ச், புது டியூப். கீழ் நிப்பிளில் மாட்டி மெல்ல ஏற்றினேன். மேலே டப்பாவில் குமிழி குமிழியாக வந்து வெடித்தது. முடிந்ததும் லீவர் இரும்பு. விரலால் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. அரை மணி கழித்தும் இல்லை. ஒரு மணி கழித்தும் இல்லை.

செல்வி: "இனியாச்சும் தோச மாவு அரைக்கலாமா?"

24.8, வெள்ளி

நேர் ரோட்டில் நாலாவது கியர், முழு முறுக்கு. முள்ளும் சத்தமும் சேர்ந்தே ஏறின. டிராக்டர் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். வரவில்லை.

பாண்டியைக் கூட்டி வந்து காட்டினேன். "சரி சார், மேட்டுல ஏத்திக் காட்டுங்க" என்றான். பொறாமை என்று நினைத்தேன். ஏற்றிக் காட்டினேன். தென்பழனி தாண்டி மேகமலை ஏற்றம். பின்னால் பாண்டி, மடியில் அவன் டூல் பெட்டி. முதல் வளைவு சரி. இரண்டாவது சரி. நாலாவது வளைவில், மூன்றாவது கியரில் முறுக்கியபோது லேசாக ஒரு நழுவல். ரொம்ப லேசு. எனக்குத் தெரிந்தது. பாண்டிக்குத் தெரியக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

"சார்."

"ம்."

"நழுவுச்சு."

"காத்து பாண்டி. எதிர்க்காத்து."

"மல மறைச்சுருக்கு சார், இங்கன ஏது காத்து?"

அங்கேயே வண்டியைத் திருப்பினேன்.

25.8, சனி

நாளை விசேஷம். வெயில். குமுளி ரோட்டில் ஓணத்துக்கு வாழைத்தார் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகின்றன.

கிளட்ச் மூடியைத் திறந்தேன். கனம் அளக்க லேத் பட்டறையில் இரவல் வாங்கிய வெர்னியர். உராய்வு பிளேட் எட்டு. ஆறு பிளேட் நல்ல கனம். இரண்டு, மானேஜர் கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிற கடைசி அளவுக்கும் கால் மில்லி கீழே. இடையில் உள்ள இரும்புத் தகடு ஒன்றில் நீலம் பாரித்திருக்கிறது, சூட்டில் வெந்த அடையாளம். நழுவ நழுவ அதே வண்டியில் ஒரு வாரம் ஊசி போடப் போனேனே, அதன் கூலி.

மறுபடி அளந்தேன். வெர்னியரைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் சரியாக வருகிறது. இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் புதுப் பிளேட். பிளேட்டைத் திருப்பி, தேயாத ஓரமாகப் பார்த்து அளந்தேன். இப்படி ஒன்பது தடவை.

செல்வி வாசல்படியில் உட்கார்ந்து சீர்த்தட்டுக்குப் பழம் துடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஊர்க்காரன் மாட்டுக்கு எல்லாம் பல்லப் புடிச்சுப் பாத்து டக்குன்னு வயசு சொல்றீக. சொந்த மாட்டுக்கு மட்டும் ஏன் வயசக் கொறைக்கிறீக?"

வெர்னியரைக் கீழே வைத்தேன். சந்தையில் கிழட்டு மாட்டைக் காளைக் கன்று என்று விற்கிற தரகனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இன்று விற்கிறவனும் நானே, வாங்குகிறவனும் நானே.

கடமலைக்குண்டு தாண்டி ஏற்றம் இருக்கிறது. இரண்டு பேர், சீர்த்தட்டு, பழக்கூடை. ஒருவேளை போய்விடும். ஒருவேளைதான். போகாவிட்டால் ரவி மடி. ஒன்பது வருசம் அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் துணியோடு முதலில் என் கையில்தான் கொடுத்தாள். மாமாவுக்குக்கூட அப்புறம்தான். அந்தப் பிள்ளை இன்னொருத்தன் மடியில் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது.

மூடியை மாட்டினேன். சாவியைச் செல்வியிடம் கொடுத்து, அரிசிப் பானையில் போடச் சொன்னேன். முதல் பஸ்.

மாமாவின் அண்ணன் சிரிக்கட்டும்.

26.8, ஞாயிறு

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். கை ஆடுகிறது, எழுத்துக் கோணல்.

எட்டு இருபதுக்கே கோயில் வாசல். என் வாழ்நாளில் முதல் தடவையாக ரவிக்கு முன்னால். சட்டை கசங்கவில்லை, பழம் நசுங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

எதிரே ஃபிளெக்ஸ். பனை உயரம். அதில் நான். வண்டி மேல் நான்! பொங்கலுக்கு மாமா செல்போனில் எடுத்த படம், அதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பின்னால் ஒரு சிங்கம், எதற்கென்று தெரியவில்லை. மேலே கொட்டை எழுத்தில்: "வழி விடுங்க! தாய்மாமன் வண்டி வருது!" கீழே சின்ன எழுத்தில் மாமாவின் அண்ணன் பெயர், உபயம்.

அக்கா ஓடி வந்தாள். பட்டுச்சேலை, முகமெல்லாம் மஞ்சள். என் பின்னால் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள்.

"ஏலே, வண்டி எங்கடா?"

"நீதானக்கா வண்டியில வராதன்னு..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! நீ என்னைக்குடா நான் சொன்னதக் கேட்ட? இன்னைக்குப் பாத்துக் கேட்டிருக்கான் பாரு! சனமெல்லாம் வண்டியப் பாக்கணும்னு வந்து நிக்கிது. மேளக்காரவுகள ரோட்டு முக்குல நிப்பாட்டியிருக்கேன்!"

நிஜமாகவே மேளம் ரோட்டு முக்கில் நின்றது. பஸ் அவர்களைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. ஜப்பான் வண்டியை எதிர்பார்த்து நின்றவர்கள் பஸ்ஸை ஏன் பார்க்கப் போகிறார்கள்.

மாமாவின் அண்ணன் வந்தார். சிரிக்கவில்லை. ஏமாந்துபோய் நின்றார். "நானும் ஒரு ரவுண்டு ஏறிப் பாக்கலாம்னு இருந்தேன் மாப்பிள்ள" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதைவிட மோசம் பாப்பா. மொட்டை போட்டாகிவிட்டது, சந்தனம் பூசியாகிவிட்டது. ஆசாரி ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பாப்பா மட்டும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறாள். "மாமா டுர்ர் வண்டில வந்தாத்தான் உக்காருவேன்!" அப்படிச் சொல்லித்தான் ஒரு வாரமாக அக்கா அவளைச் சோறு தின்ன வைத்திருக்கிறாள்.

ஒன்பது தாண்டியாயிற்று. பூசாரி வானத்தைப் பார்க்கிறார். ரவி அப்போதுதான் ஜீப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தான். "பாப்பா, சின்ன மாமாகிட்ட வர்றியா? ஜீப்பு இருக்கு" என்றான். பாப்பா அவனைத் திரும்பிப் பார்த்தாள். யோசித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கட்டை விரலையும் ஹேண்டில்பார் மாதிரி நீட்டினேன். வாயால் என்ஜின் ஸ்டார்ட் பண்ணினேன். கூட்டத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இன்னும் முறுக்கினேன். நாலு சிலிண்டர், எனக்குத்தான் அந்தச் சத்தம் மனப்பாடமாயிற்றே.

பாப்பா தூணை விட்டாள். மெல்ல வந்து மடியில் ஏறினாள். இரண்டு கையாலும் என் இரண்டு விரலைப் பிடித்தாள்.

இடது விரலை ஆட்டினேன். "இதுதான் கிளட்ச்சு. மாமா சொல்றப்ப நல்லா அமுக்கணும். அமுக்கினாத்தான் கியரு விழும். சரியா?"

"ம்."

ஆசாரி கண்ணைக் காட்டினார்.

"கிளட்ச்சைப் புடி தர்ஷு!"

பிடித்தாள். ஊசி இறங்கியது. கோயிலே அதிர்கிற மாதிரி கத்தினாள். ஆனால் விடவில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். எனக்கும் என்ஜின் சத்தம் வரவில்லை.

இன்னொரு காது இருக்கிறதே. அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர், மூக்கெல்லாம் ஒழுகுகிறது. இறங்கி ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள். விம்மிக்கொண்டே கேட்டாள்:

"மாமா, வண்டி ஏன் நின்னுபோச்சு?"

மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். "செகண்டு கியரு போடணும் தங்கம். புடி."

அழுதுகொண்டே பிடித்தாள்.